யெவ்சேயின் ஒற்றை ஸ்வரம்

ரஷ்யப் பிரபு தூபிகினின் கொம்பு வாத்தியக் குழுவில் நாற்பது பண்ணையடிமைகள். ஆளுக்கு ஒரு கொம்பு, கொம்புக்கு ஒரே ஒரு ஸ்வரம். தன் முறை வரும்வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். வந்ததும் ஓர் ஊது, மறுபடி எண்ணிக்கை. நாற்பது பேரும் பிசகாமல் ஊதினால் ஒரு பாட்டு. இந்தக் கூத்தை விருந்தாளிகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். குழுவை நடத்திய கோந்திராத்தியும் அடிமைதான். கையில் கோல் இருந்ததால் அது அவருக்கு அடிக்கடி மறந்துபோகும்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு வேட்டை நாய்களைக் கொடுத்து, பதிலுக்கு ஓர் ஆள் கேட்டார். செய்தி தெரிந்ததும் குழுவில் ஊதும் யெவ்சேய் கோந்திராத்தியிடம் ஓடி வந்தான். அவனுக்கு நிச்சயித்திருந்த உலீத்தா அந்தப் பண்ணையின் அடிமைப் பெண்.

"அண்ணே, யாரை அனுப்பலாம்னு எஜமான் உங்களைத்தான் கேப்பாரு. யெவ்சேய் உதவாக்கரைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"உன்னைப் போய் எப்படிடா அப்படிச் சொல்றது?"

"குடிகாரன்னாவது சொல்லுங்க. பெரிய நோன்புல கல்யாணம் கூடாதுல்ல, அதுக்கு முன்னாடியே அவளை அங்க இருக்கிற சமையக்காரனுக்குக் கட்டி வெச்சிடுவாங்களாம். அந்த ஆளுக்குப் பல்லே கெடையாதுண்ணே."

கோந்திராத்தி சிரித்தபடி தலையாட்டினார். சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் மறுநாள் பிரபு அவரை அழைத்து, மாதக் கடைசியில் பேரரசி அந்த வழியாக வரப்போகிறார் என்றார்.

"பேரரசிக்கு முன்னால வாசிக்கணும். பக்கத்துப் பண்ணைக்கு யாரை அனுப்பறது? யெவ்சேயை அனுப்பிடலாமா, இல்ல அவன் வேணுமா?"

பேரரசி தன்னைப் பார்த்துப் புன்னகைப்பது கோந்திராத்தியின் கண்முன் வந்து நின்றது.

"அவன் இல்லேன்னா கச்சேரியே இல்லீங்க, எஜமான்."

யெவ்சேய்க்குப் பதில் ஒரு தச்சன் போனான்.

பத்து நாள் கழித்துப் பிரபு பாட்டையே மாற்றினார். பேரரசிக்குப் பிடித்த வேறொரு பாட்டு. கோந்திராத்தி உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாளில் எழுதினார். யெவ்சேயின் தாளில் எழுத ஒன்றுமே இல்லை. அந்தப் பாட்டில் அவனுடைய ஸ்வரம் ஓரிடத்திலும் வரவில்லை. மூன்று முறை சரிபார்த்தார். எழுந்து பிரபுவிடம் ஓடினார்.

"எஜமான், யெவ்சேய் இல்லாமலே நடக்குங்க. அவனை அனுப்பிடலாம்."

"நாய் வந்தாச்சு, தச்சன் போயாச்சு. இனிமே என்ன? அவனும் நிக்கட்டும், வரிசையில ஓட்டை தெரியக்கூடாது."

அடுத்த ஞாயிறு உலீத்தாவுக்கும் சமையல்காரனுக்கும் கல்யாணம் முடிந்தது.

கச்சேரியன்று யெவ்சேய் கொம்பை உதட்டருகே பிடித்து, கோலையே பார்த்தபடி நின்றான். பேரரசி பிரபுவைப் பாராட்டினார். கோந்திராத்தியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. எல்லோரும் போன பிறகு கோந்திராத்தி தயங்கித் தயங்கி யெவ்சேயிடம் போனார்.

"நான் பாவம் பண்ணிட்டேன்டா."

"கடைசிவரைக்கும் எண்ணினேண்ணே" என்றான் யெவ்சேய். "நடுவுல விடல."

அதன் பிறகு இருபது வருடம் அவன் அதே குழுவில் ஊதினான். அவனுடைய ஸ்வரம் ஒரு முறைகூடப் பிசகவில்லை. ஒரே ஒரு நாள் அவன் வேண்டுமென்றே தப்பாக ஊதி என் மானத்தை வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று கோந்திராத்தி சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தார்.