பெயர் சொல்லிக் கொடுத்த தேநீர்

டெலிபோன் மணி அடித்தால் இன்றும் என் வலது கை தானாக நீளும். மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஓர் அரசாங்கக் கிடங்கு அலுவலகத்தில் பதினான்கு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் நான். பக்கத்து நாற்காலியில் கனகேஸ்வரி. மழை நாளில் லைன்கள் கலந்துபோய் ஒரே லைனில் நாலு பேர் கத்துவார்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தச் சிரிப்புக்காகவே வேலைக்குப் போனேன் என்றால் பொய்யில்லை.

அதிகாரிகளுக்கு நாங்கள் வெறும் "ஆபரேட்டர்"தான். என் பெயர் தங்கமணி என்று அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

எண்பத்தேழில் அலுவலகத்தைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். நாடு முன்னேறப்போகிறது என்றது ரேடியோ. எந்தப் பக்கம் போகிறோம் என்று டிக் அடித்துக் கொடுக்க ஆளுக்கொரு பாரம், அதாவது படிவம், வந்தது. கம்பெனிக்குப் போனால் சம்பளம் கூடும், பென்ஷன் கிடையாது. வேறு அரசாங்க இலாகாவுக்குப் போனால் பென்ஷன் உண்டு.

அப்பா பக்கிரிசாமி துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை சுமந்தவர். "கவர்மென்ட்ட விட்றாத லா. வயசான காலத்துல பென்ஷன்தான் சோறு போடும்" என்று தினமும் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பாரம் கொடுக்கும் நாளில் கம்பெனி முதலாளி விருந்து வைத்தார். மேசை மேசையாக வந்து தன் கையாலேயே தேநீர் கொடுத்தார். "மிஸ் தங்கமணி, உங்கள் குரல் இல்லாமல் இந்த ஆபிஸ் நடக்காது" என்றார் ஆங்கிலத்தில். அவருடைய இடது கையில் பெயர்ப்பட்டியல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் உருகிப்போனேன்.

கம்பெனிக் கட்டத்தில் டிக் அடித்தேன். கனகேஸ்வரியும் தேநீரைக் குடித்தாள், நன்றி சொன்னாள், அரசாங்கக் கட்டத்தில் டிக் அடித்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கெட்டிக்காரி.

அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் வருஷம் டெலிபோனுக்குப் பதில் சொல்ல மெஷின் வந்தது. எனக்கு வேலை இல்லை என்று கடிதம் வந்தது. "அன்புள்ள ஊழியரே" என்று ஆரம்பித்திருந்தது. அன்றைக்குத்தான் அழுதேன்.

"ஏம்மா, அன்னிக்கு ஏன் அதுல போட்ட?" என்றார் அப்பா. அதுவரை ஒருவரிடமும் சொல்லாத தேநீர்க் கதையைச் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"நெசமாவே ஒன் பேரச் சொன்னானா?"

"சொன்னாருப்பா."

அப்பா மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கள நம்பர் சொல்லித்தான் கூப்புடுவானுங்க. நானா இருந்தாலும் அதுலதான் போட்டிருப்பேன்" என்றார்.