பக்கத்துக் கட்டிலின் வலி

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கணபதிப் பகுதியில் ஒரு மயக்கம் இறங்கும். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த பட்டறை லேத்துகள் சோற்று நேரத்துக்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கணவாய்க் காற்று சந்துக்குள் நுழைந்து, கொடியில் தொங்கும் வேட்டிகளை ஒவ்வொன்றாக ஊதிப் பார்க்கும். நாய்கள் கண்ணை முழுசாக மூடாமலும் முழுசாகத் திறக்காமலும் படுத்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கிருபாவதி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் மொட்டைமாடிக்குப் படியேறுவாள். டேட்டா படிக்க.

ஆமாம், டேட்டாதான். எதிரே இருக்கும் பொன்மாலை முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவள் அவள். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவள் கைதான். முன்பு ஆயா என்றார்கள். இப்போது கழுத்தில் தொங்கும் அட்டையில் 'பராமரிப்புப் பணியாளர்' என்று இருக்கிறது. அந்த மாதிரி அட்டை மாட்டியவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஏதோ ஓர் அறக்கட்டளை செலவை ஏற்றுக்கொண்டதாம். ஆன்லைனில் பன்னிரண்டு வாரம், செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு. இல்லத்திலிருந்து ஒருவர் சேர்ந்தாக வேண்டும். மற்றவர்கள் நைசாக நழுவிவிட்டார்கள். கிருபாவதிக்கு நழுவத் தெரியாது. இல்லத்துக்குள் உட்கார்ந்தால் நிமிடத்துக்கொரு தரம் "அம்மணீ" என்று கூப்பிடுவார்கள் என்பதால் எங்கள் மாடி. இல்லத்து வைஃபை சந்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் எட்டும். வகுப்பு நடக்கிற நாளில் எனக்கும் மாடியில் மிளகாய் உலர்த்தும் வேலை வந்துவிடும். அது தற்செயல்தான்.

சொல்லிக்கொடுக்கிற பெண் பெயர் டீனா. சென்னையில் எங்கேயோ ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். குரல் நல்ல குரல், தொட்டிலாட்டுகிற குரல். கட்டம் கட்டமாகத் திரையில் ஒரு பட்டியலைப் போட்டு, "பூஜ்யம் வேற, காலிக் கட்டம் வேற. வலி இல்லைன்னு தெரிஞ்சா பூஜ்யம். தெரியலைன்னா காலியா விடணும்" என்று அவள் சொல்லச் சொல்ல, காற்றும் அதற்குத் தாளம் போட, கிருபாவதியின் தலை மெல்ல மெல்லச் சாயும்.

"கிருபாவதி மேடம், கேமரால உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது."

"இருக்கேனுங்க, இருக்கேனுங்க."

எட்டாவது வாரம் டீனா இல்லத்தின் பழைய பதிவுகளை அனுப்பச் சொன்னாள். தினமும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வலி என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எழுதும் நோட்டு இல்லத்தில் உண்டு. அதைக் கட்டங்களில் ஏற்றி அனுப்பினாள் கிருபாவதி. பதில் வெள்ளிக்கிழமை வந்தது.

"மேடம், பதினாலு பேரு, முப்பது நாளு. ஒருத்தருக்குக்கூட ஒருநாள்கூட வலியே இல்லையா? எல்லாம் ஜீரோ?"

"நாங்க கேட்டுப்போட்டுத்தானுங்க எழுதறோம்."

அவள் பொய் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்கிறார்கள். 'வலி இருக்குதுங்களா?' 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி, நீங்க சாப்ட்டீங்களா?' உடனே பூஜ்யம். எங்கள் பக்கத்து ஆட்கள் லாரிச் சக்கரத்துக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தாலும், டிரைவர் காப்பி குடித்தாரா என்று விசாரித்துவிட்டுத்தான் முனகுவார்கள். இது டீனாவுக்கு எப்படித் தெரியும், பாவம்.

இந்தப் பூஜ்யங்களில் ஒன்று மட்டும் சும்மா கிடக்கவில்லை. அது அரங்கசாமி அய்யாவுடையது. வயது எண்பத்தொன்று. பம்ப்செட் ஒர்க்‌ஷாப் வைத்து ஐம்பது பேருக்கு வேலை கொடுத்தவர். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் நம்மைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ். மகள் நவ்யா வெளிநாட்டிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிட்டால், "பரவால்லீங்க கண்ணு" என்று பெற்ற மகளுக்கே 'ங்க' போடுகிற மனுஷன். மூன்று வாரமாக அவர் கட்டிலை விட்டு எழுந்து நடக்கவில்லை. நடக்கச் சொன்னால், "அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்பார். பாத்ரூமுக்கு மட்டும் யாருக்கும் சொல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்வருவார். நோட்டில் வலி பூஜ்யம், நடை இல்லை. மேனேஜர் லியோ இரண்டையும் கூட்டிப் பார்த்தார்.

லியோ நல்ல பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பார். கோபம் வந்தால்கூட ராகத்தோடுதான் வரும். "வலியில்லை, ஆனா நடக்க மாட்டேங்கிறார்னா மனசை உட்டுப்போட்டார்னு அர்த்தமுங்க. மாசக் கடைசியில டாக்டர் வாரப்ப கையெழுத்து வாங்கிப் பின்கட்டுக்கு மாத்திரலாம்" என்றார்.

பின்கட்டு என்பது படுக்கையோடு படுக்கையாகிவிட்டவர்களுக்கான அறை. ஒரே ஜன்னல், அதற்கு எதிரே காம்பவுண்டுச் சுவர். முன்ஹாலில் இருந்தால் தெரு தெரியும், பேச்சு கேட்கும், முகமது யூசுப் பாயோடு தாயக்கட்டை ஆடலாம். பின்கட்டுக்குப் போன யாரும் முன்ஹாலுக்குத் திரும்பியதாக எனக்குத் தகவல் இல்லை. எனக்கு வந்து சேராத தகவல் இந்தச் சந்தில் கிடையாது.

அடுத்த வகுப்பில் கிருபாவதி நன்றாகவே தூங்கிவிட்டாள். டீனாவின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டியின் நிழல் அவள் காலிலிருந்து மடிக்கு ஏறியது. திடுக்கென்று விழித்தவள் என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு கனாங்க" என்றாள்.

கனவில் அந்தக் கட்டங்கள் எல்லாம் கட்டில்களாம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாக, வரிசை வரிசையாக. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. இவள் பேனாவோடு நடக்கிறாளாம். ஒவ்வொரு கட்டிலும் தலையைத் தூக்கி, "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று புறாக்கூட்டம் மாதிரி முனகுகிறதாம். ஒரு கட்டில் மட்டும் தரையை விட்டு மெதுவாக எழும்பி, சத்தமே இல்லாமல் பின்பக்கமாக மிதந்து போகிறதாம். அதன் காலைப் பிடித்து இழுக்கலாம் என்று ஓடினால், கட்டிலின் கால் புகையாகக் கையில் நழுவுகிறதாம். அதிலிருந்து அரங்கசாமி அய்யா எட்டிப் பார்த்து, "நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுட்டு" என்றாராம்.

"கனாவுல கூட அந்தாளு வலின்னு சொல்லலையா?" என்றேன்.

"இல்லீங்க்கா. கனாவுல கூட மருவாதிதான்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். "அவருக்கு முட்டி வலிங்க்கா. எனக்குத் தெரியுது. தெரிஞ்சு என்ன பண்ண? அவரு வாயிலிருந்து வரோணுமே."

விடை டீ நேரத்தில் வந்தது. யூசுப் பாயின் கட்டில் அரங்கசாமி அய்யாவின் கட்டிலுக்குப் பக்கம். பாயிடம் டம்ளரை நீட்டிக்கொண்டே, வழக்கம்போல வலி எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். பாயும் வழக்கம்போல ஒன்றுமில்லை என்றிருக்கிறார். பூஜ்யம் போட்டுவிட்டு நகரப் போனவளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, குரலை இறக்கி, "என்னைய உடுங்க அம்மணி. அக்கட்ட பாருங்க. வெடியால எந்திரிக்கறப்ப தலகாணியக் கடிச்சுட்டு எந்திரிக்கறாருங்க. நாம்பதான் பாக்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கறது. எட்டுன்னு போடுங்க" என்றாராம்.

கிருபாவதி எட்டு என்று எழுதிக்கொண்டாளாம். அப்புறம் பெண்கள் பக்கம் போய், காரமடை ரங்கம்மாளிடம், "உங்க வலிய கேக்கலீங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கு எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறாள். மடை உடைந்ததாம். அவளுக்குத் தோள்பட்டை, ராத்திரியெல்லாம் ஐயோ அப்பா. இவளுக்கு வாயில் புண், அதனால்தான் சோறு வேண்டாம் என்கிறாள். அந்தக் கடைசி ஆளுக்கு மூத்திரம் போனால் எரிச்சல், வெட்கத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. பதினாலு பேரும் பதினாலு பேரைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். தன்னைப் பற்றிச் சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. அடுத்தவரைப் பற்றி என்றால் எண்ணே சரசரவென்று வருகிறது.

"அக்கா, நீங்க தெனமும் என்ன பண்ணுவீங்களோ அதைத்தான் நான் பண்ணிப்போட்டேன்" என்று சிரித்தாள். இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் இப்படியே சேர்த்தாள். வலிக்கான கட்டத்துக்குப் பக்கத்தில் தானாகவே ஒரு கட்டம் புதிதாகப் போட்டாள். அதன் தலைப்பு: சொன்னவர். டீனா அந்தக் கட்டத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். "மேடம், இதைக் கடைசி வகுப்புல எல்லார் முன்னாலயும் காட்டுங்க" என்றாள் பிறகு.

கடைசி வகுப்பும் டாக்டர் வருகிற நாளும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தன. லியோ பார்க்க வேண்டும் என்பதால் வகுப்பு இல்லத்தின் முன்ஹாலிலேயே நடந்தது. அன்றைக்குப் பார்த்து எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சோறு மிஞ்சிவிட்டது. தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு நானும் போனேன்.

ஹாலில் மின்விசிறிகள் தூக்கத்தில் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னல் திரை ஒவ்வொன்றும் மூச்சை இழுத்து இழுத்து விட்டது. அரங்கசாமி அய்யா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மெத்தையைச் சுருட்டி வாட்ச்மேன் அங்கப்பன் ஏற்கெனவே பின்கட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார். வெறும் கட்டிலின் இரும்புப் பட்டைகள் மட்டும் மிச்சம். டாக்டர் மேசையோரம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

கிருபாவதி திரையில் கட்டங்களைக் காட்டினாள். அம்புக்குறி நாலு பக்கமும் ஓடியது. இருந்தாலும் சொல்லி முடித்துவிட்டாள்.

லியோ ராகத்தோடு கேட்டார்: "கிருபாக்கா, இது ரெக்கார்டுங்களா, இல்ல ஊர்ப்பேச்சுங்களா?"

லேப்டாப்புக்குள்ளிருந்து டீனா, "யார் சொன்னாங்கன்னு எழுதியிருக்காங்களே சார். அதனால போய்ச் சரிபார்க்கலாம். பார்க்கணும்" என்றாள்.

"சம்பந்தப்பட்டவரே பூஜ்யம்னுதானுங்க சொல்லியிருக்காரு. அவருக்குத் தெரியாததா பாய்க்குத் தெரியும்?"

எல்லாரும் அரங்கசாமி அய்யாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். கிருபாவதி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் உதடு மட்டும் அசைந்தது, ஜெபமாக இருக்கும். எங்கேயோ ஒரு லேத் சீவிக்கொண்டே இருந்தது.

"எத்தனைன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் அய்யா, கடைசியில்.

"எட்டுங்கய்யா. பாய் சொன்னது."

"ஏனுங்க பாய், எட்டுங்களா?"

பாய் தாடியைத் தடவினார். "ஏழுன்னு சொல்லலாம்னுதானுங்க இருந்தேன். கோவிச்சுக்காதீங்க."

"எட்டுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுங்க." அய்யாவின் குரலில் பழைய ஒர்க்‌ஷாப் முதலாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வெடியால எந்திரிச்சா ஒம்பது. பாத்ரூம் போய் வந்தா ஆறு. சும்மா கெடந்தா மூணு. மூணையும் ஒண்ணாப் போட்டு எட்டுன்னு எழுதினா என்னுங்க அது? எழுதறதுன்னா கரெக்டா எழுதோணுமில்லீங்க?"

டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா," என்றாள் கிருபாவதி, "இத்தன நாளா நான் கேட்டனே..."

"நீங்க ஒத்தை ஆளா ஓடீட்டே இருக்கீங்க அம்மணி. அதுல என்ற முட்டி வேற எதுக்குங்க?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். வேட்டியை ஒதுக்கி முட்டியைத் தொட்டார். தொட்டதும் அய்யா "ஸ்..." என்றார். பதினோரு வருடத்தில் அந்த ஹாலில் ஒரு ஆள் வெளிப்படையாக எழுப்பிய முதல் வலிச் சத்தம் அதுதான் என்று கிருபாவதி பிறகு சொன்னாள். "நீர் கோத்திருக்கு. சூடாவும் இருக்கு. நான் நோட்டைப் பாத்தேனே தவிர முட்டியைப் பாக்கலை" என்றார் டாக்டர். எக்ஸ்ரே, மாத்திரை, பிறகு நடைப்பயிற்சி; அதுவரை பின்கட்டுப் பேச்சே வேண்டாம் என்றார். லியோ கையெழுத்துக்கு வைத்திருந்த படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, ராகம் எதுவும் இல்லாமல், "அங்கப்பண்ணா, மெத்தைய எடுத்துட்டு வாங்க" என்றார்.

மெத்தை திரும்பி வந்தது. தலையில் அதைச் சுமந்துவந்த அங்கப்பனின் முகம் தெரியவில்லை. ஒரு வெள்ளை மேகம் இரண்டு காலோடு ஹாலைக் கடந்து வந்ததுபோல இருந்தது. கிருபாவதி குனிந்து விரிப்பைப் போட்டு, மூலைகளைச் செருகி, நிமிர்ந்தாள். நிமிரும்போது ஒரு கை இடுப்புக்குப் போனது.

அய்யா அதைப் பார்த்துவிட்டார். லேப்டாப்பைக் காட்டி, "அதுல அம்மணிக்கு ஒரு கட்டம் போடுங்க. இடுப்பு. ஆறுன்னு எழுதலாம். சொன்னது நான்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா. நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள் கிருபாவதி.

யூசுப் பாய் தன் கட்டிலிலிருந்து, "ஏழுங்க" என்றார்.