எழுதாமல் விட்ட வளையம்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அது பொய். அதனால்தான் மறுபடியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் பகுதி நீச்சல்குளத்தின் வெள்ளிவிழா மலரில் ஒரு பக்கக் கட்டுரை அது. தலைப்பு, ‘மன உறுதியின் மறுபெயர்’. என் அக்காவைப் பற்றியது. அந்தக் குளத்தில் பத்தொன்பது வருடமாக நீச்சல் சொல்லித் தருபவள். நூற்று இருபத்தோரு கிலோவிலிருந்து இரண்டு வருடத்தில் எண்பத்து மூன்றுக்கு வந்தவள். காலையில் நடை, நாலு வாயோடு நிறுத்தும் அளவான சாப்பாடு, தினமும் நாற்பது சுற்று நீச்சல் என்று எழுதியிருந்தேன். மூன்றும் உண்மை. நான்காவதை விட்டுவிட்டேன். அவள் இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி, அறுவை சிகிச்சை செய்து பொருத்திய ஒரு சிலிக்கோன் வளையம் இருக்கிறது.

‘அக்காதான் எழுத வேண்டாம் என்றாள்’ என்று இந்த இடத்தில் போட்டுவிடக் கை துறுதுறுக்கிறது. போட்டால் நான் தப்பித்துக்கொள்வேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: “உனக்கு எப்படித் தோணுதோ அப்படி எழுதுடா.” வளையத்தைச் சேர்த்தால் கட்டுரையின் சுருதி இறங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

‘சின்ன வயதிலிருந்தே அக்கா குண்டு. பள்ளியில் எல்லோரும் கேலி செய்ய, அவள் தனியாக உட்கார்ந்து அழுது—’

(அக்கா இதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “யாருடா அழுதா? கேலி பண்ணவனை பெஞ்சிலேருந்து தள்ளிவிட்டேன். அவன்தான் அழுதான். அதை எழுது.” எழுதிவிட்டேன்.)

‘தண்ணீர் யாருடைய எடையையும் கேட்பதில்லை—’

(நல்ல வரி. அதுதான் பயமாக இருக்கிறது. மலரில் எழுதிய கட்டுரையும் இப்படியொரு நல்ல வரியோடுதான் ஆரம்பித்தது.)

சரி, முழங்காலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குளத்திலிருந்து மேலே ஏற நான்கு இரும்புப் படிகள். அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயதானபோது அந்த நான்கு படிகளில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தண்ணீருக்குள் அவளை அடிக்க ஆளில்லை. தரைக்கு வந்தால் முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணும். ஒரு சனிக்கிழமை, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஆழமான பக்கத்தில் மிதவையை நழுவவிட்டுவிட்டாள். அக்கா நான்கே வீச்சில் போய்த் தூக்கிவிட்டாள். ஆனால் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு படியேற முடியவில்லை. முதல் படியிலேயே நின்றுவிட்டாள். வேறொரு பயிற்சியாளர் குனிந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு நிமிடத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தாள். “இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் அந்த வேலையில இருக்கக் கூடாதுடா. ஒண்ணு வேலையை விடணும். இல்ல, காலைக் காப்பாத்தணும். வேலையை விட மாட்டேன்.”

அறுவை சிகிச்சைக்கு யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. கண்ணாடி முன் நின்று அவள் கலங்கவும் இல்லை. (கலங்குவது போல ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். போகட்டும்.)

3

அறுவை சிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த வாழ்க்கை இன்னும் முடியவில்லை. கட்டுரைகளில் இடமில்லாமல் போவது அந்தப் பகுதிக்குத்தான்.

வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன மூடியில் முடிகிறது. நர்ஸ் அந்த மூடியில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். எடுத்தால் தளரும். முதல் முறை ஏற்றிவிட்டு வந்த அக்கா, “கல்யாணத்துக்குக்கூட நான் மோதிரம் போட்டுக்கல. வயித்துக்குப் போட்டுட்டேன்” என்றாள். இரண்டாம் முறை கொஞ்சம் அதிகமாக இறுகிப்போய் வெறும் தண்ணீர்கூட இறங்கவில்லை. மறுநாளே ஓடிப்போய்த் தளர்த்திக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குச் சின்னத் தட்டு, சின்னக் கரண்டி. ஒரு வாய் வைத்தால் கரண்டியைக் கீழே போட்டுவிட வேண்டும். மாவாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. புதுரொட்டி ஆகவே ஆகாது. ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் மெல்லாமல் ஒரு துண்டை விழுங்கிவிட்டாள். நெஞ்சுக்கு நடுவில் கல் உட்கார்ந்ததுபோல வலி. வாயெல்லாம் எச்சில் ஊற, எழுந்து போய் அரைமணி நேரம் குளியலறையில் நின்றாள். திரும்பி வந்து மிச்சத்தை மென்று சாப்பிட்டாள்.

(இடைக்குறிப்பு: இந்த வருடம் மூன்று கிலோ ஏறியிருக்கிறது. எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுது. மூணேகால்னு சரியா எழுது” என்றாள்.)

எடை குறையக் குறைய, பார்ப்பவர்கள் எல்லோரும் “எப்படி?” என்று கேட்டார்கள். அக்கா “நடக்கிறேன்” என்பாள். வளையத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் நானும் அவளுடைய டாக்டரும் நர்ஸும் மட்டும். ஏன் மறைத்தாள்? எங்கள் பெரியம்மா மகள் வேறு யாரைப் பற்றியோ பேசும்போது, “ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இளைச்சா அதுல என்ன பெருமை? குறுக்கு வழிதானே” என்று சொன்னது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. பெஞ்சிலிருந்து ஆளைத் தள்ளிவிட்ட அதே அக்கா, அன்று ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டாள்.

4

இனி வருகிறவளைப் பற்றி எழுத அவளிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன். எதுவரை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அக்காவின் காலை வகுப்பில் பெரியவர்கள் பதினாறு பேர். அவர்களில் ஒருத்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். முப்பது வயது இருக்கலாம், பருமனான உடம்பு. தண்ணீர் என்றால் பயம், ஆனாலும் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட மாட்டாள். வெள்ளிவிழா மலர் வந்த அன்று என் கட்டுரைப் பக்கத்தைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பையில் வைத்துக்கொண்டாளாம். எனக்கு இது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் (வெட்கத்தோடு எழுதுகிறேன்) மகிழ்ந்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே பின்னால் சாய்ந்தாள். அக்கா தலையைத் தாங்கிப் பிடித்து, தண்ணீருக்கு மேலே முகத்தை நிறுத்திக் குரல் கொடுத்தாள். இரண்டு பேர் வந்து தூக்கிக் கரையில் படுக்கவைத்தார்கள். கண் திறந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி:

“கடைசியா எப்போ சாப்பிட்டே?”

“முந்தாநேத்து மத்தியானம்.”

“பைத்தியமா உனக்கு?”

அவள் ஈரத்தலையோடு மெதுவாகச் சொன்னாள். “உங்க அளவுக்கு மன உறுதி எனக்கு இல்ல டீச்சர். நாலு வாயில நிறுத்த என்னால முடியல. அதான் மொத்தமா நிறுத்திட்டேன்.”

அவளை மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகு, தொடர்புக்கு யாருடைய எண்ணாவது இருக்குமா என்று அக்கா அவள் பையைத் திறந்தாள். என் கட்டுரை இருந்தது.

5

இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒரு பிரதியில், விஷயம் கேள்விப்பட்டதும் நானே ஓடிப்போய் எல்லோர் முன்னிலும் உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பிரதியில் நான் மிக நல்லவன். நடந்ததோ வேறு. “நோட்டீஸ் போர்டுல, மலருக்குத் திருத்தம்னு சின்னதா ஒரு வரி போட்டா போதாதா அக்கா?” என்று கேட்டேன்.

“என்ன வரிடா? ‘அச்சுப்பிழை, ஒரு வளையம் விட்டுப்போச்சு’ன்னா?” என்றாள். “வியாழக்கிழமை காலையில வந்து நில்லு. பேச வேண்டாம். நின்னா போதும்.”

போய் நின்றேன். மற்ற பதினைந்து பேரும் குளத்தின் ஓரத்தில் கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கடைப் பெண் மட்டும் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு நாற்காலியில் இருந்தாள். அன்று நீந்தக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. அக்கா நீச்சலுடையில் அவர்கள் முன்னால் நின்றாள். கையில் என் கட்டுரைப் பக்கம்.

“இதை எழுதினது அங்க நிக்கிறானே, என் தம்பி. எழுத விட்டது நான். இதுல இருக்கறது எல்லாம் நிஜம். ஆனா ஒண்ணு இல்ல. எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. வயித்துக்குள்ள ஒரு வளையம் இருக்கு. நான் நாலு வாயில நிறுத்தறேன்னா, பாதி நான் நிறுத்தறேன், பாதி அது நிறுத்துது. இதை உங்ககிட்ட சொல்லாம உங்க பாராட்டையெல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டேன். தப்பு.”

  வகுப்பில் இருந்த சலவைக்கடைக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். வெள்ளைமனம். மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிற மனிதர்.

“அப்போ டீச்சர், நீங்க இளைச்சது உங்க உழைப்பு இல்லையா?”

 பெரியம்மா மகளின் அதே கேள்வி. இந்த இடத்தில்தான் அக்கா முன்பு வாயடைத்துப் போனாள்.

அக்கா அவருடைய மூக்கைப் பார்த்தாள்.

“சார், கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே பேப்பர் படிக்கிறீங்க?”

“ஆமா.”

“படிக்கறது நீங்களா, கண்ணாடியா?”

குளத்தின் ஓரம் முழுக்கச் சிரிப்பு. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் சலவைக்கடைக்காரர்தான். அக்கா விடவில்லை. “வளையம் வாயைக் கட்டிடாது சார். ஐஸ்கிரீம் கொடுத்தா வழுக்கிக்கிட்டு இறங்கிடும், ஒரு கேள்வி கேட்காது. மெல்றது நான். நடக்கறது நான். ஊசிக்கு வயித்தைக் காட்டறது நான். வெட்கப்பட்டதும் நான்தான். அதை மட்டும் இன்னியோட விட்டுட்டேன்.”

பிறகு கண்ணாடிக்கடைப் பெண்ணிடம் போனாள். அவள் விரலைப் பிடித்து, உடைக்கு மேலாகத் தன் வயிற்றில் ஓரிடத்தில் வைத்து அழுத்தினாள்.

“பொத்தான் மாதிரி இருக்கு டீச்சர்.”

“அதேதான். இப்போ சொல்லு, இது இல்லாம என்னை மாதிரி சாப்பிடப் பார்த்தியே, நியாயமா?”

அந்தப் பெண் அழுதாள்.  நான் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். என் அக்கா அவள், ஊரே கேட்கட்டும் என்று இருந்தது. முப்பத்தெட்டு கிலோ குறைத்தபோது வந்த பெருமை இதில் கால்வாசிகூட இல்லை. அன்று பேசியதில் என் வரி ஒன்றுகூடக் கிடையாது என்பதும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

6

முடிவுக்கு வருவோம். என்னிடம் மூன்று இருந்தன.

அந்தப் பெண்ணும் வளையம் பொருத்திக்கொள்கிறாள், அக்கா கைப்பிடித்து—

அவள் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்து, சாப்பாட்டு ஆலோசகரிடம்—

இப்போதெல்லாம் வளையத்தைவிட வேறு முறைகள்தான் அதிகம் என்று டாக்டர் எடுத்துச் சொல்ல, அவள் அதில் ஒன்றை—

மூன்றையும் அடித்துவிட்டேன். உண்மையில் நடந்தது எது என்று எனக்குத் தெரியும். அவளையும் அக்காவையும் டாக்டரிடம் கூட்டிப்போனது என் கார்தான். ஆனால் எழுதலாமா என்று கேட்டபோது, கடையில் யாருக்கோ கண்ணாடிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவள் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“மயங்கி விழுந்தது வரைக்கும் எழுதுங்க சார். டீச்சர் பேசினதைக் கண்டிப்பா எழுதுங்க. டாக்டர் ரூம் கதவு சாத்தினதுக்கு அப்புறம் நடந்தது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். எழுதினா, இன்னொருத்தி அதையும் வெட்டிப் பையில வெச்சுக்குவா. அவ அவளோட டாக்டரைப் போய்க் கேட்கட்டும்.”

ஆகவே அந்த முடிவு இங்கே இல்லை. அவள் எடை கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா என்பதில் உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சரியா என்று என்னிடம் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.

எல்லோர் கண்ணெதிரிலும் நடந்த ஒன்றைச் சொல்லத் தடையில்லை. போன வாரம் அவள் முதன்முறையாக முழு நீளமும் நீந்தினாள். இருபத்தைந்து மீட்டர். பாதியில் கை கால் ஒத்துழைக்காமல் திணறினாள். அக்கா கரையோரமாகக் கூடவே நடந்தபடி, “மூச்சை விடு! பிடிச்சு வெச்சுக்காதே, விடு!” என்று கத்திக்கொண்டே போனாள். வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. சுவரைத் தொட்டவள் தலையைத் தூக்கி, கண்ணிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டு, “தொட்டுட்டேனா டீச்சர்?” என்றாள்.

“தொட்டுட்டே. திரும்பி நீந்து.”

“இப்பவா?”

“பின்னே, துணி மாத்தற ரூம் அந்தப் பக்கம்தானே இருக்கு?”

அவள் சிரித்துக்கொண்டே சுவரைக் காலால் உதைத்தாள்.