பீரோ மேல் ஒரு ஃபைல்

பகலில் நான் ஒரு பள்ளியில் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. சாயங்காலம் முதலியார்பேட்டை வீட்டு மாடியில் இங்கிலீஷ் வகுப்பு. நிரந்தரமாக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஜூன் பன்னிரண்டாம் தேதி எனக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குள் ஆர்டர் வராவிட்டால் அவ்வளவுதான், வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் கேட்கவே முடியாது.

வருஷா வருஷம் கல்வித்துறை அலுவலகத்திலிருந்து ஒரே பதில்: ‘யுவர் அப்ளிகேஷன் இஸ் கன்ஸிடரிங்.’ வேலை தராததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்த இங்கிலீஷை எப்படிப் பொறுப்பது? ஒவ்வொரு கடிதத்தையும் சிவப்புப் பேனாவால் திருத்தித்தான் எடுத்து வைப்பேன்.

போன ஆகஸ்டில் வகுப்பில் சேர்ந்த கமலக்கண்ணன், என் மேஜையில் அந்தக் கடிதத்தைப் பார்த்து நெளிந்தார்.

“இது நான் டைப் அடிச்சது டீச்சர்.”

“அடப்பாவி!” என்று கத்தியேவிட்டேன். போர்டில் ‘இஸ் பீயிங் கன்ஸிடர்ட்’ என்று பெரிதாக எழுதினேன். “இப்ப, இந்த நிமிஷம், யாரோ அந்த விண்ணப்பத்தப் பரிசீலிச்சிட்டிருக்காங்கன்னு அர்த்தம். சொல்லுங்க, என் ஃபைல யாரு பாக்கறா?”

“யாரும் பாக்கல டீச்சர். அது பீரோ மேல கெடக்கு. யார் கேட்டாலும் இதே லெட்டர்தான், பேரையும் தேதியையும் மட்டும் மாத்துவேன். சூப்பரிண்டெண்ட் சொன்னாதான் ஃபைல எறக்கலாம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நான் டிபார்ட்மெண்ட் பரீட்ச பாஸ் பண்ணி அந்த சீட்டுக்கு வந்துட்டா, மொத கையெழுத்து ஒங்களுக்குத்தான். சத்தியமா.”

எனக்கு ஆசை வந்துவிட்டது. மறைப்பானேன்? ஃபீஸ் வாங்கவில்லை. எட்டு மாசம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், டீயும் சுண்டலும் கொடுத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மற்ற மாணவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், அவர்களில் யாருக்கு என் ஃபைல் இருக்கும் பீரோ தெரியும்?

ஏப்ரலில் பாஸ் செய்தார். மே மாதம் சூப்பரிண்டெண்ட் ஆனார். ஸ்வீட் பாக்ஸோடு வந்து என் காலில் விழுந்தார். நானும் மனசார ஆசீர்வாதம் செய்தேன். அப்புறம் தினமும் வாசலில் தபால்காரருக்காக நின்றேன்.

ஜூன் பதின்மூன்றாம் தேதி கடிதம் வந்தது. வாசலிலேயே பிரித்தேன்.

‘யுவர் அப்ளிகேஷன் இஸ் பீயிங் கன்ஸிடர்ட்.’

கீழே கமலக்கண்ணனின் கையெழுத்து. கொடுத்த வாக்கை மனுஷன் காப்பாற்றிவிட்டார்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பழக்க தோஷம், சிவப்புப் பேனாவை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஒரு தப்புகூட இல்லை.