ஒரே அளவில் எல்லாப் பெயரும்

தமிழினியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வருடம் எங்கள் வகுப்பில் நான்தான் முதல். மூன்றாம் வருடத்தில் ஒருநாள் பஞ்சநாதன் சார் எல்லோருடைய தாள்களையும் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னுடையதைத் தாண்டிப் போய் அவளுடையதற்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அன்றைக்குப் பற்றிக்கொண்டது.

நாங்கள் படித்தது சிதம்பரத்தில், எழுத்தையும் அச்சையும் வடிவமைக்கச் சொல்லித்தரும் ஒரு சின்னக் கல்லூரியில். பக்கத்தில் எது பெரிதாக இருக்க வேண்டும், எது சிறிதாக, கண் முதலில் எங்கே போக வேண்டும், எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்பதுதான் படிப்பு. இதற்கெல்லாமா ஒரு படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறுவேன். தமிழினி முதுநகரில் ஏறுவாள். மீனவக் குடும்பம். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குவாட்டர்ஸில் வீடு. இதற்கு மேல் அவளைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். நான் கண் விழித்துப் படித்துக்கொண்டே வருவேன். பாராட்டு மட்டும் அவளுக்கு.

2010இல், எங்கள் கடைசி வருடத்தில், ஒரு வெளிநாட்டுச் சங்கத்திலிருந்து மதிப்பீட்டாளர்கள் கல்லூரிக்கு வருகிறார்கள் என்றார்கள். பல நாட்டு மாணவர்களின் அச்சு வடிவமைப்பை வாங்கிப் பார்த்துத் தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என்று தரம் போடுகிற சங்கம் அது. சிறப்புத் தேர்ச்சி வாங்குகிறவரை இங்கேயே ஆசிரியராக எடுத்துக்கொள்வதாக நிர்வாகம் சொன்னது. ஒரே ஒரு இடம்தான். எனக்கு அது வேண்டும். வீட்டில் டிவி மேல் விருத்தாசலத்து மாப்பிள்ளையின் போட்டோ வந்து உட்கார்ந்திருந்தது. வேலை கிடைத்தால் கொஞ்ச காலத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா இறங்கி வந்திருந்தார். கிடைக்காவிட்டால் தை மாதம் விருத்தாசலம்.

பழகிப்போன அச்சுப்பொருள் ஒன்றை எடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும், அதுதான் தேர்வு. நான் திருவந்திபுரத்துக் கல்யாணங்களை எடுத்துக்கொண்டேன். முகூர்த்த நாளில் அந்தக் கோயில் மலையில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு யார் வீட்டுக் கல்யாணத்திலோ மொய் எழுதிவிட்டு, சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. வந்தவர்கள் சரியான மண்டபத்துக்குப் போய்ச் சேரும்படி பலகைகள், கையடக்க வரைபடம், நேரப் பட்டியல் எல்லாம் செய்தேன். எதிலும் தடுமாற்றமே கிடையாது. கண் வைத்த இடத்தில் வழி தெரியும்.

வந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்து அம்மா, இன்னொருவர் மலேசியாவிலிருந்து வந்த சீனர். இருவருக்கும் தமிழ் தெரியாது. அதனால் மேசைக்கு ஒரு மாணவர் நின்று, காட்டிய இடத்தைப் படித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில், தானாக எதுவும் சொல்லக் கூடாது. எங்கள் படைப்பு இருக்கும் மேசையில் நாங்களே நிற்க முடியாது. கான்வென்ட் இங்கிலீஷ் என்பதால் என்னைப் போட்டார்கள். படைப்புகளின் மேல் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அவர்களுக்கு யாருடையது என்று தெரியாது. எங்களுக்குத் தெரியாதா என்ன?

நான் நின்ற மேசையில் மூன்றாவதாகத் தமிழினியுடையது வந்தது. பார்த்ததுமே தெரிந்தது. புதுமனை புகுவிழாப் பத்திரிகை. நீளமான காகிதம், விரித்தால் ஓரத்திலிருந்து ஓரம் வரை பெயர்கள். கொளஞ்சியம்மாள், கோவிந்தசாமி, சிங்காரம், கலியமூர்த்தி, விருத்தாம்பாள் என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே கனம். தலைப்பு இல்லை. 'அன்புடன் அழைக்கும்' இல்லை. பெரியவர், சிறியவர் இல்லை. கடைசியில், நாங்கள் புது வீட்டுக்குப் போகிறோம், வாருங்கள் என்று ஒரு வரி. அதுவும் அதே அளவு. கூடவே வைக்க வேண்டிய விளக்கத் தாளில் ஒரு பக்கம் எழுதலாம். அவள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள்: எங்கள் வீட்டில் எல்லோரும் சமம்.

நான் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிள்ளைகள் கிறுக்கிய படத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. யார் அழைக்கிறார்கள் என்று தெரியவில்லை, எங்கே படிக்கத் தொடங்குவது என்றும் தெரியவில்லை, இந்த மாணவருக்கு முடிவெடுக்கப் பயம் என்றார். மலேசியாக்காரர் அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். அப்புறம்தான், முறைக்காகக் கேட்பதுபோல, என் பக்கம் திரும்பினார்கள். உங்கள் ஊரில் இப்படிப் போடுவதற்கு ஏதாவது காரணம் உண்டா?

இல்லை என்று ஒரு சொல் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். வேலை எனக்கு, போட்டோ விருத்தாசலத்துக்கே திரும்பிப் போய்விடும். சத்தியமாக அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஆனால் அந்தச் சிரிப்பு என்னைக் கிளப்பிவிட்டது. தமிழினியைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. இரண்டு வருடமாக வயிறு எரிந்து சம்பாதித்த உரிமை. நேற்று விமானத்தில் வந்து இறங்கியவருக்கு என்ன தெரியும்? எங்கள் ஊர்ப் பத்திரிகையில் யார் பெயர் எந்த அளவில் இருக்கிறது என்பது ஒரு குடும்பத்தையே உடைக்கிற சமாச்சாரம் என்றேன். என் அக்கா கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னேன். தாய்மாமன் கண்ணாயிரம் தன் பட்டம், வகித்த பதவி எல்லாவற்றையும் பெயரோடு சேர்த்துப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவ்வளவும் ஒரு வரியில் அடங்கவில்லை என்று பிரஸ்காரர் எழுத்தைச் சுருக்கிவிட்டார். பட்டமும் பதவியும் இல்லாத பெரியப்பா ராஜாமணியின் பெயர் பக்கத்திலேயே கொழுகொழுவென்று நின்றது. தாம்பூலத்தோடு பத்திரிகை வைக்கப் போனபோது மாமா அதைப் பிரித்துப் பார்த்தார், மடித்தார், தட்டிலேயே திருப்பி வைத்தார். சீர் வரவில்லை. முகூர்த்த நேரத்தில்கூட அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. ஒரு எழுத்தளவுக்கு இவ்வளவு சண்டை போடுகிற ஊரில், எல்லோரையும் ஒரே அளவில் வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும், இது பயம் இல்லை, முடிவு, எங்கள் சண்டையை எழுத்தின் அளவாலேயே தீர்த்துவைக்கிற முடிவு என்றேன். மலேசியாக்காரர் பேனாவை வைத்துவிட்டுக் காகிதத்தை மறுபடியும் விரித்தார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். கெட்டேன்.

மறுநாள் மதியம் அரங்கத்தில் முடிவு சொன்னார்கள். எனக்குத் தேர்ச்சி. தமிழினிக்குச் சிறப்புத் தேர்ச்சி. மதிப்பீட்டாளர்களின் குறிப்பைப் பஞ்சநாதன் சார் தமிழில் சொன்னார். மாமன்மாருக்குள் வரும் சண்டையை எழுத்தின் அளவாலேயே தீர்த்துவைத்த துணிச்சலான முடிவு என்றார். ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன். நான் பெற்றதை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையில் நிற்பதுபோல இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கென்று பார்த்துத் தூங்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியது. அப்புறம் கேட்டாள்.

"ரேகா, சார் மாமன் சண்டைன்னு என்னமோ படிச்சாரே, யாரு சொல்லியிருப்பாங்க? நான் அப்புடி ஒண்ணும் எழுதலயே."

தெரியாது என்றேன். மேசையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். பிறகு எதற்காக ஒரே அளவில் போட்டாய் என்று கேட்டேன். பார்க்க நன்றாக இருந்தது என்று சொல்வாள், அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் எரியலாம் என்றுதான் கேட்டேன்.

"பத்திரிகையில செத்தவுங்க பேருக்கு முன்னாடி தெய்வத்திருன்னு போட்டு, தனியா சின்னதா வைப்பாங்கல்ல. கொளஞ்சியம்மா எங்க அம்மா. சிங்காரம் எங்க அண்ணன். கலியமூர்த்தி சித்தப்பா. மூணு பேரும் சுனாமியில போயிட்டாங்க. மொதல்ல நானும் அப்புடித்தான் வச்சிப் பாத்தேன். அம்மா பேரு சின்னதா ஒரு ஓரமா நின்னுச்சு, மனசு கேக்கல. மத்தவுங்க அளவுக்கே வச்சேன். தெய்வத்திருவ எடுத்துட்டேன். புது வீட்டுக்கு எல்லாரும் சேந்துதான கூப்புடணும்."

அந்தப் பெயர்களை நான்தான் என் வாயால், அழுத்தம் திருத்தமாக, அந்நியர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். பஞ்சநாதன் சாரிடமாவது இதைச் சொல்லியிருக்கலாமே, அவர் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்திருப்பாரே என்றேன்.

"எழுதியிருப்பாரு. படிச்சிட்டுப் பாவம்னு போட்டிருப்பாங்க. எனக்கு அது வேணாம் ரேகா. மாமன் சண்டைன்னு சொன்னவுங்க யாரோ, நல்லா இருக்கட்டும். அதுவே இருக்கட்டும்."

முதுநகர் வந்தது. காகிதக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் அழுதிருக்க வேண்டும், அல்லது அவள் கையையாவது பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமைதான். அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு வந்தது. அப்படி ஒரு காரணம் என் கையில் இருந்திருந்தால், முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி அந்த வேலையை வாங்கியிருப்பேன்.