இரண்டாவது ஊசி

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மிருக வைத்தியரின் ஆய்வறையில் சுந்தரலிங்கம் உதவியாளனாக இருந்தான். 1934ஆம் ஆண்டு முழுவதும் முயல்களுக்கு எசரின் ஊசி போட்டு, நடப்பதை எழுதிவைப்பதே அவன் வேலை. முதலில் வாயில் நீர் வடியும். கண்மணி கடுகாய்ச் சுருங்கும். தசை துடிக்கும். அளவு மீறினால் மூச்சு அடைக்கும்.

"நரம்பு ஒரு திரவத்தைச் சுரந்துதான் தசையை வேலை செய்ய வைக்குது. அந்தத் திரவத்தை உடனே அழிக்க ஒரு நொதியம் இருக்கு. எசரின் அந்த நொதியத்தைத் தடுத்துடும். அப்புறம் தசைக்கு ஓய்வே இல்லை" என்று வைத்தியர் விளக்கியிருந்தார். அளவோடு போட்டால் அதே மருந்து குதிரையின் வயிற்றில் கட்டிப்போன சாணத்தை இளக்கி வெளியேற்றும்.

வைத்தியர் கொழும்புக்குப் போயிருந்த ஒரு நாள், மடவளையில் குதிரை வண்டி ஓட்டும் ஜமால்தீன் தன் பெண்குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். வயிற்றுவலியில் அது நிலத்தை உதைத்தது. வைத்தியர் வழக்கமாகப் போடும் அளவைச் சுந்தரலிங்கம் போட்டான். ஒரு மணி நேரமாகியும் சாணம் போகவில்லை.

"இன்னொண்டு போட்டுப் பாருங்களே தம்பி. அது படுற பாட்டப் பாக்க ஏலாம இரிக்கி."

போட்டான்.

குதிரைக்கு வாயில் நீர் கொட்டியது. வலி என்று நினைத்தான். விலாத் தசை துடித்தது. அதையும் வலி என்றே நினைத்தான். மூச்சு விசிலடிக்கத் தொடங்கியபோதுதான் முயல்கள் நினைவுக்கு வந்தன. ஓடிப்போய் மாற்றுமருந்தான அத்ரோப்பினை எடுத்து வந்து போட்டான். அதற்குள் குதிரை சரிந்திருந்தது; சற்று நேரத்தில் இறந்தது.

"அல்லாஹ்ட நாட்டம். நீங்க ஏலுமானதச் செஞ்சீங்க" என்றார் ஜமால்தீன், அதன் கழுத்தைத் தடவியபடி. சுந்தரலிங்கம் வாய் திறக்கவில்லை.

திரும்பி வந்த வைத்தியர், "குடல் முறுக்கியிருந்தா எப்படியும் செத்திருக்கும்" என்றார். அந்தப் பேச்சு அவனுக்கு ஆறுதலாக இல்லை. நான்காம் நாள் மடவளைக்கு நடந்தான்.

"ஜமால்தீன் நானா, குதிரை நோயில சாகலிங்க. நான் போட்ட ரெண்டாவது ஊசிதான் கொன்னுச்சு. அது எனக்கு அப்பவே தெரியும்."

ஜமால்தீன் திண்ணையில் உட்கார்ந்தார்.

"போடச் சொன்னது நான்தானே. நான் அவசரப்பட்டதாலதான் அது போச்சோண்டு நாலு நாளா சோறு எறங்கல்ல. அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."

குதிரைக்கு மட்டுமல்ல, உண்மையை மறைத்ததால் இந்த மனிதருக்கும் தீங்கு செய்திருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவர் சொன்னாலும் மறுத்திருக்க வேண்டியவன் தான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

பிறகு அவர் ஒரு மர ஆலையில் கூலிக்குச் சேர்ந்தார். வீதியில் கண்டால் கையை உயர்த்துவார், நின்று பேசமாட்டார். சுந்தரலிங்கமும் அவரை நிறுத்தத் துணிந்ததில்லை.