மாமனார் கையிலிருந்து வந்த வாட்ச்

1992 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னியப்பன் தன் பழைய சாவி வாட்ச்சை விற்றுவிடுவதென்று முடிவு செய்து, மனைவி சொர்ணத்தையும் அழைத்துக்கொண்டு திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லிக்குப் போனான். வாட்ச் நின்று இரண்டு வருடமாகியிருந்தது.

கடைக்காரர் பஷீருதீன் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு மூடியைத் திறந்து பார்த்தார்.

"நல்ல மெஷின், அண்ணாத்தே. டயல் மஞ்சளாயிடுச்சி, கண்ணாடி பூரா கீறல், ஸ்பிரிங் ஒடஞ்சி கீது. ஆனா பழசுன்னு தேடி வாங்குறவங்க கீறாங்க. குடுத்தா நானூறு தர்றேன். ரிப்பேர் பண்ணா எரநூறு ஆவும், பத்து நாளு ஆவும்."

"வித்துடறேன் பாய்."

"இன்னா அவசரம்?" என்றாள் சொர்ணம்.

அவசரம் இருந்தது. இருபத்தோரு வருடத்துக்கு முன், வாட்ச் போட்டால்தான் மணையில் உட்காருவேன் என்று கல்யாணத்தன்று முறுக்கிக்கொண்டவன் அவன். சிநேகிதர்கள் ஏற்றிவிட்ட முறுக்கு. மாமனார் கங்காதரன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். தன் கையிலிருந்ததைக் கழற்றி மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்டார். சாகும்வரை அவர் வேறு வாட்ச் வாங்கவில்லை. சொர்ணம் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஆனியில் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஸ்கூட்டர் கேட்டார்கள். கன்னியப்பன் அவர்களை அப்படியே எழுப்பி அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து பீரோவைத் திறந்து அந்த வாட்ச்சைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குக் கூசியது.

"அது ஊட்ல இருந்தா எனுக்கு ஒரு மாதிரி கீது சொர்ணம்," என்றான் மெதுவாக. "உங்க நைனா கையிலர்ந்து புடுங்குனது."

சொர்ணம் சிரித்துவிட்டாள். "இப்பதான் தெரிஞ்சிதா ஒனக்கு? அதுக்கோசரம் எங்க நைனா வாட்ச்ச விப்பியா? பாய், ரிப்பேர் பண்ணுங்க. நான் கட்டிக்கினு போறேன்."

ஆறு மாதமாக அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் துளை போடும் காஜா மிஷின் ஓட்டுகிறாள். காலை ரயிலுக்குத் தினமும் ஓட்டம்தான்.

"ஆம்பள வாட்ச்சும்மா இது," என்றார் பஷீருதீன்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு அகலமாக இருந்தது. "எங்க நைனா கை பாய்."

"சரிம்மா. டயலுக்குப் பெயிண்ட் அடிச்சிடட்டா?"

"வோணாம். முள்ளு தெரிஞ்சா போதும்."

"ரிப்பேர் காசு நான் குடுக்குறேன்," என்றான் கன்னியப்பன்.

"பின்ன, நானா குடுப்பேன்?"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தான்.

பத்தாம் நாள் ஷிப்ட் முடிந்து அவனே போய் வாங்கி வந்தான். மறுநாள் காலை சொர்ணம் கட்டிப் பார்த்தாள். புது வார் கொஞ்சம் தளர்வாக இருந்தது. அவன் ஆணியும் சுத்தியலும் தேடி எடுத்துவந்து, வாசற்படியில் உட்கார்ந்து வாரில் இன்னொரு ஓட்டை போட்டான்.

"சீக்கிரம்யா," என்றாள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

கன்னியப்பன் முள்ளைப் பார்த்தான். "ரயிலுக்கு இன்னும் இருவது நிமிஷம் கீது. குந்து, டீ குடிச்சிட்டுப் போ."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.